பாதியில் எழுந்து போகிறவள்

2022 டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு சிற்றிதழிலிருந்து அழைத்தார்கள். "இந்த ஆண்டு உங்களைப் பாதித்த பத்துப் படைப்புகள். புத்தகம், சினிமா, இசை, எதுவானாலும் சரி. பொங்கலுக்குள் எழுதிக் கொடுங்கள்." ஒப்புக்கொண்டேன். இந்த மாதிரிப் பட்டியல்களில் பெண்களின் பெயர் ஒன்றோ இரண்டோதான் வரும். அந்த இடத்தையும் காலியாக விடுவானேன் என்று நினைத்தேன்.

அன்றிரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். அந்த ஆண்டில் நான் தொடங்கிய நாவல்கள் பதினான்கு, முடித்தவை ஐந்து. ஒன்பது படங்களுக்கு இடைவேளைக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மங்களம் வரை உட்கார்ந்து கேட்ட கச்சேரி ஒன்றே ஒன்று. அதுவும் பகல் கச்சேரி. நான் கல்லூரியில் இலக்கியம் கற்பிக்கிறவள், விமர்சனம் எழுதுகிறவள். படிப்பதும் பார்ப்பதும் கேட்பதும் என் தொழில். என் கணக்கே இப்படி இருந்தது.

சரி, மார்கழி வந்துவிட்டது, விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று தேற்றிக்கொண்டேன். சென்னையில் மார்கழி என்பது கலையின் அறுவடைக் காலம். சபாக்களில் காலை முதல் இரவு வரை கச்சேரி. டிசம்பர் நடுவில் சர்வதேசத் திரைப்பட விழா. ஜனவரி முதல் வாரத்தில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி. பொங்கலுக்குப் பெரிய நடிகர்களின் படங்கள். இவை எல்லாம் ஒரே மாதத்தில் வருவதுபோலவே அரையாண்டுத் தேர்வும் வரும். கல்லூரியில் பருவத் தேர்வுத் தாள்கள் கட்டுக்கட்டாகத் திருத்த வரும். பொங்கலுக்கு முன் பரண் இறக்கித் துடைக்க வேண்டும். ஊரிலிருந்து உறவுகள் வருவார்கள், பாதிப் பேர் கச்சேரி கேட்பதற்காகவே வருவார்கள். அவர்கள் கச்சேரி முடிந்து வீடு திரும்பும்போது தோசைக்கல் காய்ந்திருக்க வேண்டும்.

சீசனை "விடாமல் பார்ப்பது" என்றால் என்ன, அதை யாரால் செய்ய முடிகிறது? இந்தக் கேள்வியோடுதான் அந்த ஒரு மாதத்தைக் கடந்தேன். இந்தக் கட்டுரை அந்த மாதத்தின் விமர்சனம்.

கச்சேரியிலிருந்து தொடங்குகிறேன். மாலைக் கச்சேரிக்கு ஓர் ஒழுங்கு உண்டு. வர்ணத்தில் தொடங்கும், சில கீர்த்தனைகள் வரும். பிறகு பிரதானமான ராகம், அதன் முடிவில் தனி ஆவர்த்தனம். விரிவான கச்சேரியாக இருந்தால் ராகம் தானம் பல்லவி. கடைசியில் துக்கடாக்கள். தனி ஆவர்த்தனத்தின்போது கேண்டீனுக்கு எழுந்து போகிறவர்களைப் பற்றி ஆண்டுதோறும் யாராவது கிண்டலாக எழுதுவார்கள். அந்தச் சமயத்தில் எழுந்து போகிற பெண்களை நான் கவனிக்கத் தொடங்கினேன். கேண்டீன் பக்கம் அவர்கள் திரும்புவதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு முழங்காலைத் தாண்டி, செருப்பைத் தேடிக்கொண்டு ஆட்டோ நிற்கிற இடத்துக்குப் போகிறார்கள். மணி எட்டேகால் ஆகியிருக்கும். அதற்குப் பிறகுதான் பல்லவி.

இந்தப் பல்லவிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ராகம் தானம் பல்லவி ஆண்களின் வித்தை, கணக்கு வழக்கு மிகுந்தது, பெண்களுக்கு ஒத்துவராது என்று வித்வான்கள் நம்பிய காலத்தில் டி.கே. பட்டம்மாள் அதை மேடையில் பாடினார். "பல்லவி பட்டம்மாள்" என்றே பெயர் வந்தது. பெண்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க மறுத்த வித்வான்களும் அப்போது இருந்தார்கள். 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமி தன் சங்கீத கலாநிதிப் பட்டத்தை முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு, 1968-ல்தான் கொடுத்தது. பட்டம்மாளுக்கு 1970-ல் கிடைத்தது. இசையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த தேவதாசிக் குடும்பங்களின் பெண்கள் ஓரங்கட்டப்பட்ட கதையையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பெண் மேடையேறியபோது இன்னொரு பெண்ணுக்கு மேடை இல்லாமல் போன காலம் அது.

ஆக, பல்லவி பாடும் உரிமையைப் பெண்கள் போராடி வாங்கிவிட்டார்கள். இன்று மேடையில் பெண் பாடகர் பல்லவி எடுக்கும்போது யாரும் புருவம் உயர்த்துவதில்லை. ஆனால் அதை உட்கார்ந்து கேட்கும் நேரத்தைக் கீழே இருக்கிற பெண்ணால் இன்னும் வாங்க முடியவில்லை. மேடைக்கு எதிரே நாற்காலி இருக்கிறது, அவள் கையில் டிக்கெட்டும் இருக்கிறது. எட்டேகாலுக்குப் பிறகான ஒன்றரை மணி நேரம்தான் இல்லை.

சீசன் யாருடைய சொத்து என்ற கேள்வியைப் பலர் எழுப்பியிருக்கிறார்கள். எந்தச் சாதிக்காரர்களின் சபா, எந்தத் தெருவில் நடக்கிறது, மீனவர் குப்பத்தில் ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டுத்தான் 2015-ல் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. அவசியமான கேள்வி அது, இடத்தைப் பற்றியது. நேரத்தைப் பற்றி அதே அளவு உரக்க யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. நான் முழுதாகக் கேட்ட அந்த ஒரே கச்சேரி பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்தது. டிக்கெட் கிடையாது. பாடியவள் இருபது வயதுப் பெண். அரங்கில் என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். காலைச் சமையலை முடித்துவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் திரும்ப வேண்டியவர்கள். வளரும் கலைஞர்களுக்கு என்று ஒதுக்கப்படும் அந்த வேளைதான் பெண்களுக்கும் மிஞ்சுகிற வேளையாக இருக்கிறது. அந்தப் பெண் தோடியை நன்றாகவே பாடினாள். அவளைப் பற்றி எந்த நாளிதழிலும் விமர்சனம் வரவில்லை. விமர்சகர்கள் மாலையில்தான் வருவார்கள்.

மார்கழியின் மூலப் பாட்டு ஒரு பெண் பாடியது. ஆண்டாளின் திருப்பாவையைச் சின்ன வயதிலிருந்து எம்.எல். வசந்தகுமாரியின் குரலில், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்த மெட்டுகளில் கேட்டிருக்கிறேன். விடியுமுன் ரேடியோ பாடும், அம்மா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள். பக்திப் பாட்டு என்று நினைத்துக் கேட்டது. அந்த மார்கழியில் முப்பது பாட்டையும் உட்கார்ந்து படித்தபோதுதான் அதிலிருக்கிற ஏற்பாடு புரிந்தது. பெண்கள் விடியுமுன் வீட்டை விட்டுக் கூட்டமாகக் கிளம்புகிறார்கள். ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டுகள், தூங்குகிற தோழிகளை ஒவ்வொருத்தியாக எழுப்புவதற்கே போகின்றன. ஒருத்தியையும் விட்டுவிட்டுப் போக அவர்களுக்கு மனமில்லை. நோன்பு காலத்தில் நெய்யும் பாலும் இல்லை, கண்ணுக்கு மையும் தலைக்குப் பூவும் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். அதாவது, ஒரு மாதத்துக்கு அடுப்படி வேலையும் அலங்கார வேலையும் நிறுத்தம். இருபத்தேழாம் பாட்டில்தான் நெய் திரும்பி வருகிறது, அதையும் எல்லோரும் கூடியிருந்து உண்கிறார்கள்.

இதைப் பெண்களின் வேலைநிறுத்தம் என்று சொன்னால் வைணவ அறிஞர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் நாம் அந்தப் பாட்டை என்ன செய்து வைத்திருக்கிறோம்? நெய் வேண்டாம் என்று தொடங்கும் நோன்பின் பெயரில் தினமும் நாலரை மணிக்கு எழுந்து நெய் பொங்கல் கிளறுகிறோம். 2023 ஜனவரி 11 அன்று மார்கழி 27, கூடாரவல்லி. அன்றுதான் துணிவும் வாரிசும் வெளிவந்தன. நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் காட்சிகள். எங்கள் தெருப் பையன்கள் தொண்டை கட்டிப்போய்த் திரும்பி வந்தபோது வாசல்களில் அவர்களுடைய அம்மாக்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிகாலை நான்கு மணி இரண்டு பேருக்கும் ஒரே நான்கு மணிதான்.

இனி சினிமா. அந்த டிசம்பரின் முதல் நாள் சைட் அண்ட் சவுண்ட் இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் வாக்கெடுப்பின் முடிவு வந்தது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் வாக்களித்ததில் உலகின் மிகச் சிறந்த படமாக ஷாந்தால் அகெர்மான் 1975-ல் எடுத்த 'ழான் தீல்மான்' வந்திருந்தது. 1952-ல் தொடங்கிய அந்த வாக்கெடுப்பில் ஒரு பெண்ணின் படம் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. பிரஸ்ஸல்ஸ் நகரில் மகனோடு வசிக்கும் விதவை ஒருத்தியின் மூன்று நாட்கள்தான் கதை. அவள் உருளைக்கிழங்கு உரிக்கிறாள், கறித்துண்டுகளை மாவில் புரட்டுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையை மடிக்கிறாள், அறையை விட்டுப் போகும்போதெல்லாம் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் ஓர் ஆண் வருகிறான், பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்தப் பணம் மேசைமேல் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போகிறது. படத்தின் நீளம் 201 நிமிடம்.

அதை நான் ஒன்பது துண்டுகளாகப் பார்த்தேன். பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, சப்பாத்தி இட்டுக்கொண்டே. மூன்றாம் துண்டிலேயே சலித்துவிட்டது. என்னதான் இருக்கிறது இதில் என்று தோன்றியது.

இங்கே ஓர் ஒப்புதல் வாக்குமூலம் தேவைப்படுகிறது. எங்கள் வீட்டில் காலையில் பாத்திரம் துலக்கிக் காய் நறுக்கிக் கொடுக்க ஓர் அக்கா வருகிறார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அந்த மார்கழியில் மாலையிலும் வரச் சொல்லியிருந்தேன், கூடுதல் சம்பளம் பேசி. நான் திரைப்பட விழாவுக்கும் சபாவுக்கும் போக வேண்டுமல்லவா? அவர் சரி என்றார். பேத்தியை யார் பார்த்துக்கொண்டார்கள், அவர் வீட்டு இரவுச் சமையல் எத்தனை மணிக்கு நடந்தது என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த இரண்டு மணி நேரம் எங்கிருந்தோ முளைத்ததல்ல, அவருடைய மாலையிலிருந்து வெட்டி எடுத்தது.

ஒரு நாள் அவர் தொட்டியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார், நான் படத்தின் ஐந்தாம் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய நாளும் அவர் தோள்வழியாக எட்டிப் பார்த்தது எனக்குத் தெரியும். திடீரென்று கேட்டார்:

"என்னா டீச்சர், நேத்து இந்தம்மா ஒவ்வொரு ரூமுக்கும் லைட்டை அணைச்சி அணைச்சிப் போச்சு. இன்னிக்கு மறந்துட்டுப் போவுது?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கெழங்கு வேற கொழைஞ்சிபோச்சு. சட்டிய எங்க வெக்கிறதுன்னு தெரியாம அங்கயும் இங்கயும் தூக்கிக்கினு அலையுது. கை நிதானத்துல இல்ல டீச்சர். என்னமோ நடக்கப்போவுது."

படத்தைப் பின்னால் நகர்த்திப் பார்த்தேன். அவர் சொன்னது அத்தனையும் இருந்தது. சூப் பாத்திரத்தின் மூடியை மூட மறந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. இரண்டாம் நாளில் அவளுடைய ஒழுங்கு நூல் நூலாகப் பிரிகிறது. படத்தின் மொத்தப் பதற்றமும் அந்தச் சின்னப் பிழைகளில்தான் இருக்கிறது. உலக விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதும் இதைத்தான். அதை நான் தவறவிட்டேன். என் கண் சப்டைட்டிலில் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டுகளாக அடுத்தவர் சமையலறையில் வேலை செய்கிறவருக்கு ஒரு கை எப்போது தடுமாறுகிறது என்று தெரியும்.

இதை ஒரு தோழியிடம் சொன்னபோது அவள் உற்சாகமாகிவிட்டாள். "பார்த்தாயா, துண்டு துண்டாகப் பார்ப்பதே ஒரு பெண் பார்வைதான், அதைக் கொண்டாட வேண்டும்" என்றாள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அக்கா அந்தப் படத்தைப் புரிந்துகொண்டது அவருடைய உழைப்பின் அறிவால். துண்டு துண்டாகப் பார்த்தது அதற்கு உதவவில்லை. நான் அப்படிப் பார்த்ததால்தான் எனக்குப் படம் பிடிபடவில்லை. முதல் நாளின் சீரான தாளத்தில் நாம் ஊறினால்தான் இரண்டாம் நாளின் தாளப்பிசகு காதில் விழும். அகெர்மான் அந்த நீளத்தைக் காரணத்தோடுதான் வைத்தார். நேரமின்மையை அழகியல் ஆக்கிவிட்டால் நேரம் கேட்பதை நிறுத்திவிடுவோம்.

நேரத்துக்குக் கணக்கும் இருக்கிறது. இந்திய அரசு 2019-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சம்பளமில்லாத அந்த வேலைக்கு ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்களில் நான்கில் ஒருவர்தான் வீட்டு வேலையில் ஈடுபடுகிறார், அவரும் செலவிடுவது 97 நிமிடம். 'ழான் தீல்மான்' 201 நிமிடம் ஓடுகிறது, நீளமோ நீளம் என்று அலுத்துக்கொள்கிறோம். அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளமான படம் நம் வீடுகளில் நாள்தோறும் ஓடுகிறது, பார்ப்பதற்கு ஆள் இல்லாமல்.

புத்தகத்துக்கு வருகிறேன். ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு ஒரே ஒரு முறை, இரண்டு மணி நேரம் போக முடிந்தது. ஓடி ஓடி வாங்கினேன். வாங்கியதில் புதியது எதையும் அந்தப் பொங்கலுக்குள் படிக்கவில்லை. பழைய இரண்டு புத்தகங்களைத்தான் மறுபடி எடுத்தேன். இரண்டிலும் கடிகாரம் ஒன்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒன்று, 1988-ல் வந்த அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. தலைப்புக் கதையில் அஜ்மீரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டின் இருட்டுச் சமையலறைக்கு ஜன்னல் உண்டு. ஜன்னலுக்கு வெளியே மலையும் உண்டு. ஆனால் இடையில் துணி காயப்போடும் கொடிகள். மலையைப் பார்க்கலாமே என்று மருமகள் மீனாட்சி யோசனை சொல்கிறாள். முன்பு படித்தபோது சின்ன இருட்டு அறைக்குள் பெண்கள் அடைபட்ட கதையாக, இடத்தைப் பற்றிய கதையாகத்தான் எனக்குப் பட்டது. வகுப்பிலும் அப்படியே சொல்லிக் கொடுத்தேன். இந்த முறை படித்தபோது நேரத்தைப் பற்றிய கதையாகத் தெரிந்தது. ஜன்னலை அகலமாக்கினாலும் கொடியை அகற்றினாலும், மலையை நின்று பார்க்க அந்தப் பெண்களுக்கு எந்த வேளை இருக்கிறது? சமையலுக்காகச் செலவழிந்த ஆயுளில் வேறு என்னென்ன யோசித்திருக்கலாம் என்று மீனாட்சி மூத்தவளிடம் கேட்கும் இடம் அந்தக் கதையின் உயிர்.

இன்னொன்று, சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004). தலைப்பிலேயே பொழுது இருக்கிறது. இரண்டாம் ஜாமம் என்றால் இரவு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. வீட்டு வேலை ஓய்ந்து, பெண்கள் தங்களுக்குள் பேசக் கிடைக்கிற வேளை. அந்த நாவலில் பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், கதை ஒருத்தியிடமிருந்து இன்னொருத்திக்குத் தாவுகிறது. நாவல் கட்டுக்கோப்பாக இல்லை என்று குறைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். இரண்டாம் ஜாமத்தில் பேசுகிற பேச்சு வேறு எப்படி இருக்கும்? கூப்பிட்ட குரலுக்கு எழுந்து போய்விட்டு வந்து, விட்ட இடத்திலோ வேறு இடத்திலோ தொடர்கிற பேச்சு அது. வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட சல்மா, வீட்டுக்குள் பொட்டலம் கட்டி வந்த தாள்களைக்கூட விடாமல் படித்தார் என்பதும் கழிப்பறையில் நின்று கவிதை எழுதினார் என்பதும் நாம் அறிந்தவை. ஒரு மாதத்துக்கு இருபது புத்தகம் படித்ததாகப் பட்டியல் போடுகிறவரையும் கிழிந்த தாளில் பாதிச் செய்தியைப் படித்து மீதியை யோசித்தவரையும் எந்தத் தராசில் நிறுப்பது?

பொங்கலுக்கு முன் என் பட்டியலை அனுப்பினேன். பத்து இல்லை, ஆறுதான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விவரங்கள் சேர்த்திருந்தேன். எத்தனை அமர்வில் பார்த்தேன் அல்லது படித்தேன், அந்த நேரத்தில் வீட்டு வேலையை யார் செய்தார்கள். 'ழான் தீல்மான்' எதிரே "ஒன்பது அமர்வு, பாத்திரம் துலக்கியவர் அக்கா, இரண்டாம் நாளைப் பற்றிய குறிப்பும் அவருடையது" என்று எழுதினேன். இதழிலிருந்து அழைத்தார்கள். பட்டியல் அருமை, அந்தச் சொந்த விவரங்களை மட்டும் எடுத்துவிடலாமா, விமர்சனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையே என்றார்கள். எடுக்க முடியாது என்றேன். பட்டியல் வரவில்லை.

மாலை வேலையையும் நிறுத்திவிட்டேன், சம்பளத்தைக் குறைக்காமல். இதனால் எந்த நியாயமும் நிலைநாட்டப்பட்டுவிடவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் அவர் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார், நான் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். என் கணவரும் மகனும் அந்த மாலை வேலையில் பாதியை எடுத்துக்கொள்ள மூன்று மாதமும் முப்பது சண்டையும் பிடித்தன.

தை பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அந்தக் கெழங்கு அம்மாவுக்குக் கடைசியில என்னா ஆச்சு டீச்சர்?" என்று அக்கா கேட்டார். படத்தின் மூன்றாம் நாளை இருவரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முடிவில் நடப்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன். எல்லாம் முடிந்தபின் அவள் இருட்டில் மேசையருகே உட்கார்ந்திருக்கிறாள். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் மின்னி மின்னி அணைகிறது. நிமிடங்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. நான் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கலாமா என்று நினைத்தேன். அக்கா கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இப்பதான் அது சும்மா உக்காந்துக்கினு இருக்கு. இருங்க."

மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். விமர்சனக் கட்டுரை எழுதும்போது கடைசியில் இரண்டு வரி சேருங்கள்: இதை எத்தனை அமர்வில் பார்த்தேன், அப்போது அடுப்படியில் யார் இருந்தார்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் அடித்துவிட்டால் மறுபடி எழுதுங்கள். பாதியில் எழுந்து போக நேர்ந்தால், எந்த இடத்தில் எழுந்தீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். என் நோட்டில் அந்த ஆண்டுக்கான ஒன்பது இடங்கள் குறித்திருக்கிறேன். இதுவரை நான்குக்குத் திரும்பிப் போயிருக்கிறேன்.